நீலம் போனால் போகட்டும்

அறுகம்பே என்றதும் அலைச்சறுக்குப் பலகைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பொத்துவில் தாண்டி லாகுகலைப் பக்கம் வட்டைக்குள் இறங்கினால் கதை வேறு. பெரும்போகம் விதைத்த கையோடு காவல் வாடிகள் எழும்பிவிடும். பன்றிக்குத் துவக்கு. யானைக்கு யானை வெடி மட்டும்தான். யானையைச் சுடச் சட்டம் விடாது.

எனக்கு ரிவோல்வர் பார்க்கத்தான் ஆசை. இந்தப் பக்கம் அது லேசில் கண்ணில் படுகிற சாமான் இல்லை. தற்காப்புக்கென்று அனுமதி பெற்றவர்களையும் 2024 நவம்பர் 7க்குள் ஆயுதங்களை ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டிருந்தது. விவசாயிகளிடம் இருப்பது 12 போர் இரட்டைக்குழல். அதைப் பழுதுபார்க்கும் காக்கா ஒருவரைத் தேடிப் போனேன்.

"பழுதில்லாத துவக்கத்தான் மகன் கூடக் கொண்டு வாறாங்க" என்றார்.

அன்றும் அப்படித்தான். இடக்கை பிடிக்கும் இடத்தில் குழலின் நீலம் போய் வெள்ளை இரும்பு தெரிகிறது என்று ஒரு போடியார் கவலையோடு நின்றார். "கை பட்டுப் போன நீலம், போனாப் போகட்டும். எண்ணெய மட்டும் நிப்பாட்டாதீங்க."

பிறகு துவக்கை மடிக்கும் மேல்பிடியைக் காட்டினார். புதுத் துவக்கை மூடினால் அது நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். பூட்டு தேயத் தேய நடுவுக்கு வரும். தேய்வதற்கென்றே செய்தவன் விட்டுவைத்த இடம் அது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போனால்தான் யோசிக்க வேண்டும். முன்கட்டையைக் கழற்றி, குழலைக் கையால் ஆட்டி, காதை வைத்துக் கேட்டார். சத்தமில்லை.

இளமையில் அவர் கைக்கு வெப்ளி ரிவோல்வர்களும் வந்திருக்கின்றன. வெப்ளியும் இரட்டைக்குழல் மாதிரியே நடுவில் மடியும். உருளையைச் சுற்றி ஒரு கீறல் விழுந்திருக்கும், உடையவர் பயந்துபோவார். உருளையை நிறுத்தும் நாக்கு உரசுவதால் வரும் கோடு, கேடில்லை. உருளையின் துளை குழலுக்கு நேரே வந்து நில்லாமல் போனால்தான் ஆபத்து: சன்னத்தின் ஈயம் சீவப்பட்டு இடைவெளியால் பக்கவாட்டில் தெறிக்கும்.

இங்கே தேய்மானத்தைவிடப் பெரிய எதிரி கடற்காற்று. தோல் உறைக்குள் போட்டுப் பத்திரப்படுத்துவதாக நினைக்கிறார்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். அவர் தருவது தையல் மெசின் எண்ணெய், அதுவும் துணியில் தொட்டுத் துடைக்கும் அளவுக்கு.

மூலையில் இன்னொன்று சாத்தியிருந்தது. யுத்தக் காலத்தில் கையளித்து, பல வருடம் கழித்துத் திரும்பி வந்தது. வெளியே பளபளப்பு, உள்ளே அம்மைத் தழும்பு போலத் துருக் குழிகள். சுடக்கூடாது என்று காசு வாங்காமலே சொல்லிவிட்டாராம், உடையவர் கோபித்துக்கொண்டு போனாராம். கூலியை விட்டுவிட்டு இப்படிச் சொல்கிற ஆளைத்தான் நான் கெட்டிக்காரன் என்பேன்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஒக்டோபரில் அந்த வேலைக்குப் புறப்படுமுன் தோட்டா இல்லையென்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, மடித்த குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். நிழல் வட்டம் ஓரிடத்தில் கோணினால் அது நெளிவு. கறுப்பு வளையம் சுற்றி ஓடினால் குழல் அங்கே ஊதியிருக்கிறது. எதைக் கண்டாலும் பழுதுபார்ப்பவர் பார்க்கும்வரை சுடாதீர்கள்.