கொடிகள் மாறிய கரை

மேலை நாடுகளின் கூட்டணிகள் தளர்கின்றன, வளரும் நாடுகள் தலைநிமிர்கின்றன என்று நாளேடுகள் எழுதுகின்றன. முத்துக்குளித்துறை மக்களாகிய நமக்கு இது புதிய கதையன்று. ஐந்நூறு ஆண்டுகளில் நம் கரையில் எத்தனையோ கொடிகள் ஏறின, இறங்கின.

1530-களில் முத்துக்குளிப்பு உரிமைக்காக எழுந்த போட்டியில் நலிவுற்ற பரதவர், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். அவ்வாண்டுகளிலேயே பெருந்திரளாகத் திருமுழுக்கும் பெற்றனர். பாதுகாப்புக்கு விலை இருந்தது. முத்து வருவாயில் பங்கு அவர்களுக்குச் சென்றது. 1542-இல் இக்கரைக்கு வந்த தூய சவேரியார் போர்த்துக்கல் மன்னரின் ஆதரவில் வந்தவர்தாம். ஆயினும், மக்களைத் துன்புறுத்திய போர்த்துக்கீசிய அலுவலரைத் தம் மடல்களில் வன்மையாகக் கண்டித்தார். தம்மை ஏற்றி வந்த கப்பலின் கொடியை அவர் நற்செய்தியாகக் கொள்ளவில்லை.

1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். தங்கள் சீர்திருத்த சபைக்கு மக்களை ஈர்க்க முயன்றனர், மக்கள் இணங்கவில்லை. போர்த்துக்கீசியர் போயினர், விசுவாசம் போகவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியிலேயே, 1713-இல், பனிமய மாதாவின் ஆலயம் இங்கு எழுந்தது.

1825-இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்களது கடல் வாணிக ஆதிக்கத்தை எதிர்த்து, 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நிறுவினார். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. அரசு 1908-இல் அவரைச் சிறையிலடைத்தது. நிறுவனம் வீழ்ந்தது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பேரரசுகளை இக்கரைக்கு இழுத்த முத்துக்குளிப்போ 1961-உடன் நின்றுபோயிற்று.

இன்றைய மாற்றத்திற்கு வருவோம். பிரேசில், ருசியா, இந்தியா, சீனா ஆகிய நாடுகள் 2009-இல் முதல் உச்சி மாநாடு கூட்டின. தென்னாப்பிரிக்கா பின்னர் இணைந்தது. 2024-இல் எகிப்து, எத்தியோப்பியா முதலிய நாடுகளும் சேர்ந்தன. மறுபுறம், ருசிய எண்ணெயை வாங்கியதைக் காரணம் காட்டி, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. இறாலும் அதில் அடங்கும். வல்லரசுகள் எண்ணெய்க்காகப் பிணங்கின. சுமை இறாலை வளர்ப்பவர் மீதும் உரிப்பவர் மீதும் விழுந்தது.

நம் நாடு உயர்வது மகிழ்ச்சிக்குரியதே. வ.உ.சி.யின் கனவும் அதுவே. ஆனால் நாடு உயர்ந்தால் எளியோரும் தாமாகவே உயர்ந்துவிடுவர் என்று எண்ணுவதற்கில்லை. சமமற்ற இருவர் செய்யும் ஒப்பந்தம், இருவரும் இசைந்தனர் என்பதனாலேயே நீதியாகிவிடாது என்பதைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நாடுகளிடையேயான வாணிகத்திற்கும் பொருத்திக் காட்டினார். அந்த அளவுகோல் வாசிங்டனுக்கும் பெய்சிங்கிற்கும் மட்டுமன்று, புதுதில்லிக்கும் உரியது. நம் ஊருக்கும் உரியது.

எனவே நம் அன்பியக் கூட்டங்களில் இக்கேள்விகளையும் எழுப்புவோம். மீன் ஏலத்தில் விலையை முடிவு செய்பவர் யார்? வெளிநாட்டுச் சந்தை சரிந்தால் முதலில் வேலை இழப்பவர் யார்? துறைமுகம் விரியும்போது சிறு வள்ளங்களுக்கு இடம் எஞ்சுகிறதா? அந்நியக் கொடியின் கீழ் சவேரியார் எழுப்பிய குரலை, நம் சொந்தக் கொடியின் கீழ் எழுப்ப நாம் தயங்கலாகாது.