தீபாவளிக்கு மறுநாள்தான் எங்கள் வீட்டில் தீபாவளி!

எங்கள் வீடு திண்டிவனத்தில். அப்பாவுக்கு விழுப்புரத்தில் வேலை, தீயணைப்பு வீரர். இடையில் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும், ஒரு தீபாவளிக்காவது அவர் எங்களோடு எண்ணெய் தேய்த்துக் குளித்ததாக எனக்கு நினைவில்லை. ஊருக்கே லீவு விடும் நாளில் அவர்களுக்கு மட்டும் லீவு கிடையாது. மறுநாள் காலை அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்வரை, பட்டாசில் பாதியை அம்மா பீரோமேல் எடுத்து வைத்திருப்பார். அவர் வந்த பிறகுதான் எங்களுக்குத் தீபாவளி.

நான் எட்டாவது படித்தபோது, அப்படி ஒரு மறுநாள். அப்பா வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். ஆசையாக ஒரு லட்சுமி வெடியைப் பற்றவைத்தேன். அது வெடித்ததும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தவர், ‘‘அறிவில்ல உனக்கு?’’ என்று கத்தினார். அதுவரை அவர் என்னைத் திட்டியதே இல்லை. நான் அழுதுகொண்டே உள்ளே ஓடினேன். ‘‘அவரைக் கொஞ்சம் விடுடி’’ என்றார் அம்மா.

அன்று ராத்திரி அடுப்படியில் அப்பா பேசியது எனக்குக் கேட்டது. ராக்கெட் விழுந்து ஒரு கூரை வீடு பற்றியிருக்கிறது. உள்ளே இருந்த சின்னப் பெண்ணை அப்பாதான் தூக்கி வந்திருக்கிறார். ‘‘நம்ம பாப்பா வயசுதான். புதுப் பாவாடை...’’ என்றவர், அதற்குமேல் பேசவில்லை. அந்தப் பெண் பிழைத்தாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

2020 தீபாவளி, நவம்பர் 14. நான் ஜர்னலிசம் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இடத்தில் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்துவிட்டதாக டிவியில் செய்தி ஓடியது. மதுரை எங்கே, விழுப்புரம் எங்கே? அது தெரிந்தும் கை நடுங்க போன் போட்டேன். ‘‘எனக்கு ஒண்ணுமில்ல பாப்பா. சாப்பிட்டியா?’’ என்றார். பிறகு ரொம்ப நேரம் லைனிலேயே இருந்தார், எதுவும் பேசாமல்.

மறுவருடம் தீபாவளிக்குச் சில நாள்களே இருக்கும்போது சங்கராபுரத்தில் பட்டாசுக்கடை எரிந்து பலர் இறந்தார்கள். அப்பா அந்த இடத்துக்குப் போகவில்லை. ஆனாலும் செய்தி வந்ததும் டிவியை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நேரில் பார்த்தால்தான் மனசு பாதிக்கும் என்றில்லை. பழசெல்லாம் கிளறிவிட ஒரு செய்தியே போதும் என்பது அன்று புரிந்தது.

இன்று நான் டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன். தீபாவளி இரவில் தீ விபத்துச் செய்திகள் வரிசையாக வரும். ‘தீயணைப்பு வீரர்கள் கடுமையாகப் போராடித் தீயை அணைத்தனர்’ என்று டைப் செய்வேன். செய்தி அதோடு முடிந்துவிடும். வீரர் அந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார் என்பது எனக்குத் தெரியும்.

வந்தவரை என்ன செய்வது? அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். ‘எத்தனை பேர் செத்தாங்க, எப்படி எரிஞ்சுது?’ என்று சொந்தக்காரர்கள் கதை கேட்க வந்தால், அம்மா பேச்சை மாற்றிவிடுவார். ‘நல்ல நாளும் அதுவுமா ஏன் உம்முனு இருக்கீங்க?’ என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சுடுதண்ணீர் போட்டு, சாப்பாடு வைத்து, பக்கத்தில் பூத்தொடுத்தபடி உட்கார்ந்திருப்பார். பேசினால் கேட்பார், பேசாவிட்டால் விட்டுவிடுவார். ஸ்டேஷனில் கூட வேலை பார்ப்பவர்களோடு அப்பா டீ குடித்துவிட்டு லேட்டாக வந்தாலும் திட்ட மாட்டார். ‘கூட இருந்தவங்களுக்குத்தானே தெரியும்’ என்பார்.

ஆனால், எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே சரிசெய்துவிட முடியாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சின்னச் சத்தத்துக்கும் பதற்றம், தொட்டதற்கெல்லாம் கோபம், குடி என்று போனால், அது உதவி தேவைப்படும் நிலை. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். போன வருடம் அந்த எண்ணை அப்பாவின் போனில் சேமித்துக் கொடுத்தேன். ‘‘எனக்கெதுக்கு?’’ என்று சிரித்தார். கொஞ்ச நாள் கழித்து, ‘‘அந்த நம்பர் என்ன பாப்பா, நம்ம பையன் ஒருத்தனுக்கு வேணும்’’ என்று கேட்டார். உண்மையிலேயே வேறு யாருக்கோதானா என்று நான் கேட்கவில்லை. நம்பரை மட்டும் மறுபடி அனுப்பினேன்.

நம் ஊரில் பட்டாசுக்கு அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. கூரை வீடுகள் பக்கம் ராக்கெட் வேண்டாம். நீங்கள் விடாத ஒரு ராக்கெட்டால், யாரோ ஒரு அப்பா மறுநாள் காலை நிம்மதியாக வீட்டுக்கு வரலாம்.

எங்கள் வீட்டு பீரோமேல் இந்த வருடமும் பாதிப் பட்டாசு இருக்கும். இப்போதெல்லாம் மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும்தான் வாங்குகிறோம்.