தூக்கம் வராம இருக்க மாத்திரை கேட்ட பிளஸ் டூ பொண்ணு

1/ ஒரு ஜனவரி மாசம், வியாழக்கிழமை. பொள்ளாச்சியில சந்தை நாள், கிளினிக்லயும் கூட்டம். ஆனைமலைப் பக்கமிருந்து ஒரு அப்பாவும் பிளஸ் டூ படிக்கிற பொண்ணும் வந்தாங்க. மூணு மாசமா தலைவலி. "கண்ணாடி போடோணுமாட்ட இருக்குதுங்க டாக்டர்"னார் அப்பா. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ பார்வை நல்லாத்தான் இருந்துச்சு. அப்பா பில் கட்ட வெளிய போனதும் பாப்பா மெதுவா கேட்டுச்சு: "சார், தூக்கம் வராம இருக்கறதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்குங்களா?"

3/ அதோட ஒரு நாள் இதுதான். காலைல 4 மணிக்கு எந்திரிச்சுப் படிப்பு. 6.45 பஸ். ஸ்பெஷல் கிளாஸ், ஸ்கூல், சாயந்திரம் டியூசன். வீட்டுக்கு வந்து சேர எட்டு மணி. அப்புறம் போன்ல நீட் வீடியோ. படுக்கறப்ப 12.30. தூக்கம் மூன்றரை மணி நேரம். காலைல டீ மட்டும். ஸ்கூல் பாத்ரூம் போகப் பிடிக்காம சாயந்திரம் வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்ல.

4/ கண் இமையைக் கீழ இழுத்துப் பார்த்தா வெளுத்துக் கிடந்துச்சு. ஹீமோகுளோபின் 9.2. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. தலைவலிக்கும், படிச்சது மனசுல நிக்காததுக்கும் பாதிக் காரணம் அங்கேயே கிடைச்சிருச்சு. நாமதான் "படிப்பு டென்சன்"னு சொல்லிட்டுப் போயிடறோம்.

5/ அந்த மாத்திரையை நான் ஏன் எழுதித் தரலைன்னா, நானே அந்தப் பாதையில போனவன். 2009-ல் பிளஸ் டூ முடிச்சேன், ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல. அப்ப மொத்தம் 1200 மார்க். உயிரியல் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் 50, 50-க்குன்னு சுருக்கி 200-க்குக் கட் ஆஃப். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அதனால அந்தப் பாடத்தை ரெண்டு மாசத்துல ஓட்டிட்டு, மீதி ஒன்றரை வருசமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வச்சாங்க.

6/ சீட் கிடைச்சுது. ஆனா எம்.பி.பி.எஸ். முதல் வருசம் பிசியாலஜி இன்டர்னல்ல ஃபெயில். ரத்த ஓட்டத்தைப் புரிஞ்சுக்கத் தேவையான இயற்பியல் பிளஸ் ஒன்லதான் இருந்துச்சு. நான் அதைப் படிக்கவே இல்ல. ராத்திரி முழுக்க முழிச்சுப் படிச்சதும் பரீட்சை முடிஞ்ச மறுமாசமே காணாமப் போச்சு.

7/ இப்ப சுமை வேற மாதிரி. பொதுத்தேர்வுக்கு 600 மார்க். அறிவியல் பாடங்கள்ல எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அதுல விளக்கமா எழுதணும். நீட் 180 கேள்வி, 180 நிமிசம், 720 மார்க். தப்பா போட்டா ஒரு மார்க் கழியும். அதுல சட்டுனு தேர்ந்தெடுக்கணும். ரெண்டுக்கும் பழக்கம் வேற, புத்தகமும் வேற. 2017-18-ல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-ல் ரத்தாச்சு. சுமை குறைஞ்சது நல்லதுதான். ஆனா அதைச் சாக்கா வச்சு பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிடாதீங்க, நீட்ல ரெண்டு வருசப் பாடமும் வரும்.

8/ அப்பா உள்ள வந்ததும் சொன்னேன்: "அண்ணா, டியூசன்ல ரெண்டு பாடத்தை நிறுத்திடுங்க." அவர் முகம் வாடிருச்சு. "வருசத்துக்கும் பணம் கட்டியாச்சுங்க. தோப்புல பாதி மரம் வாடல் நோய்ல போயிருச்சு. இனி இவ படிப்பைத்தான் நம்பியிருக்கறோம்." எனக்குச் சட்டுனு பதில் வரல. அவர் பயம் நியாயமானது.

9/ கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன்: "தென்னைக்கு ஒரு மாசத் தண்ணியை ஒரே நாள்ல கட்டுவீங்களா?" "கட்டினா நிக்குமுங்களா, அத்தனையும் ஓடிப்போயிருமே. சொட்டுநீர்தானுங்க போட்டிருக்கேன்." மூளையும் அப்படித்தாங்க. பகல்ல படிச்சதை நிலையான ஞாபகமா மாத்தற வேலையில பெரும்பங்கு தூக்கத்துலதான் நடக்குது. தூக்கத்தை வெட்டினா படிச்சது ஓடிப்போகும்.

10/ அன்னிக்கு எழுதிக் கொடுத்தது, இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் தவிர:

• 13 முதல் 18 வயசுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேணும். பரீட்சை மாசத்துலயும் 7-க்குக் கீழ போகக்கூடாது.
• திரும்பத் திரும்ப வாசிக்காதே. புத்தகத்தை மூடிட்டு, ஞாபகம் இருக்கறதை எழுதிப் பாரு.
• ஒரு பாடத்தை முதல் நாள், மூணாம் நாள், பத்தாம் நாள்னு தொட்டுப் பாரு.
• ஒரே பாடத்துக்கு அன்னிக்கே ஒரு அஞ்சு மார்க் பதிலும் எழுது, இருபது நீட் கேள்வியும் போடு. ரெண்டு தேர்வுக்கும் ரெண்டு தடவை படிக்க வேண்டியதில்ல.
• காலைல ரெண்டு இட்லியாவது சாப்பிடு. இரும்பு மாத்திரையை டீயோட சேர்த்துப் போடாதே.

11/ பிப்ரவரி கடைசில திரும்பி வந்தாங்க. ஹீமோகுளோபின் 10.4. தலைவலி தினமும் இல்ல, வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு டியூசனை மட்டும் நிறுத்தியிருந்தாங்க. அதுக்கே அவங்க வீட்டுல ரெண்டு நாள் பேச்சு. "இப்ப எப்படி இருக்குது அம்மிணி?"ன்னேன். "பரவால்லீங்க சார். ஆனா தூங்கறப்பத்தான் ஏதோ தப்புப் பண்றமாதிரியே இருக்குதுங்க."

12/ இந்த த்ரெட் எழுதக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான். பதினேழு வயசுல தூங்கறதைத் தப்புன்னு யார் சொல்லிக் கொடுத்தது? நாமதான். அவ மார்க் என்னன்னு யாரும் கேட்காதீங்க, நானும் கேட்கல.

13/ உங்க வீட்டுலயும் பிளஸ் டூ படிக்கிற குழந்தை இருந்தா, இன்னிக்கு ராத்திரி பத்தரை மணிக்கு நீங்களே போய் லைட்டை அணைச்சுட்டு, "தூங்கறதும் படிப்புல சேர்த்திதான் கண்ணு"ன்னு சொல்லிட்டு வாங்க. குழந்தை சாப்பிடாம, பேசாம ஒதுங்கினாலோ, வாழவே பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னாலோ, பரீட்சை முடியட்டும்னு காத்திருக்காதீங்க. 104, 14416 ரெண்டும் இலவச எண்கள். எந்த நேரமும் கூப்பிடலாம்.