கசிவுநீரில் வாழும் வெள்ளோடு

ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகும் சாலையில் இருக்கிறது வெள்ளோடு. வடமுகம், தென்முகம் என்று இரண்டு வெள்ளோடுகள் உண்டு. தோட்டமும் தென்னையும், இடையிடையே மேட்டாங்காடுமாக, மற்ற கொங்கு ஊர்களைப் போலத்தான் தெரியும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் இந்த ஊருக்குத் தனிக்கதை இருக்கிறது.

காலிங்கராயன் வாய்க்காலை வெட்டிய காலிங்கராயனின் பூர்வீகம் வெள்ளோட்டுக் கனகபுரம்தான். 13-ஆம் நூற்றாண்டில், பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அணை கட்டி, கொடுமுடிப் பக்கம் வரை சுமார் 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார். மேடு பள்ளம் பார்த்து வளைந்து வளைந்து போவதால், பாம்பு ஊர்ந்து வழிகாட்டியது என்று மக்கள் கதை சொல்வார்கள். இன்றும் 15,000 ஏக்கருக்கு மேல் அதில் பாய்கிறது. தன் சொந்தத்துக்கு வெட்டிக்கொண்டான் என்ற சொல் வரக்கூடாது என்று, தானும் தன் வம்சமும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை எனச் சத்தியம் செய்து, பொள்ளாச்சி அருகே ஊத்துக்குளிக்குக் குடிபோனார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த வாய்க்கால் காவிரியை ஒட்டிப் போகிறது, வெள்ளோட்டுக்கு வராது.

வெள்ளோட்டுக்குச் சோறு போடுவது பெரியகுளம். சுமார் 77 ஹெக்டேர், அதாவது 190 ஏக்கர். குளத்துக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் வந்து தங்கும். 1990-களில் இது பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பறவைகள் வருவதும் தீபாவளி வருவதும் ஒரே காலம். வடமுகம் வெள்ளோடு, செல்லப்பம்பாளையம், செம்மாண்டம்பாளையம், புங்கம்பாடி முதலிய சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் இருபது வருடங்களுக்கு மேலாகப் பட்டாசு வெடிப்பதில்லை. புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு, பிள்ளைகளுக்கு மத்தாப்பு உண்டு. வெடி மட்டும் இல்லை.

இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழைநீர் ஒன்று, கீழ்பவானி வாய்க்காலின் கசிவுநீர் இன்னொன்று. பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிந்த பிறகு, சுமார் 200 கிலோமீட்டர் நீள மண் வாய்க்கால் வழியே 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. கரையில் கசியும் தண்ணீர் வழியிலுள்ள கிணறுகளையும் குளங்களையும் நனைக்கிறது.

இந்த வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது விவசாயிகளே இரண்டு பக்கம் நின்றார்கள். கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும், அது நியாயம். கசிவை நம்பிக் கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்கு ஊற்று அடைபடும் என்ற பயம், அதுவும் நியாயம். அளந்து விடும் தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. கசிவுநீரை மட்டும் ‘வீண்’ என்று எழுதிவிடுகிறோம். அதனால் ஊறும் கிணறுகளையும் குளங்களையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு சரியாகும்.

ஈரநிலத்தை வெறும் சதுப்பு என்று எண்ணி வடித்த நாடும் உண்டு. இங்கிலாந்தின் கிழக்கே ஃபென் என்னும் சதுப்புச் சீமை இருக்கிறது. அங்கே ஹோம் என்ற சிற்றூர் அருகே, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் விட்டில்சி ஏரியை வடித்து வயலாக்கினார்கள். மட்கிய செடிகொடிகளால் ஆன மண் என்பதால், நன்றாக விளைந்தது. காயக்காய அந்த மண் சுருங்கி, கரைந்து, தரையே இறங்கியது. 1851-ல் தரைமட்டத்துக்கு நட்ட இரும்புத் தூண் இன்று ஏறக்குறைய 4 மீட்டர் வெளியே நிற்கிறது. அந்தச் சீமையில் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வெள்ளாமை. நம் மண் அப்படி இறங்காது. குளம் காய்ந்தால் இங்கே இறங்குவது கிணற்று நீர்மட்டம்.

வெள்ளோட்டைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். குளம் நிறைந்த வருடமா என்று விசாரித்துக்கொண்டு, காலையிலோ சாயங்காலமோ போகலாம். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். திரும்பி வந்ததும் உங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வரும் பள்ளம் எது, அது எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.