விழுந்து காட்டும் விகடம்

கல்வியும் ரசனையும் தமக்கு உண்டென்று எண்ணிக்கொள்பவர்களிடம், தலையிலே சுத்தியல் விழுந்து ஒருவன் கண்சொருகி நிற்கும் காட்சியைக் கண்டு சிரிப்பீர்களா என்று கேட்டால், அத்தனை மலினமான ஹாஸ்யத்தில் தமக்கு நாட்டமில்லை என்று கௌரவமாகச் சொல்லிவிடுவார்கள்; ஆனால் அதே கனவான்கள் தனியே இருக்கும்போது, ‘பிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் தலைக்கு மேலேயிருந்து அந்தச் சுத்தியல் நழுவும் கட்டம் வந்துவிட்டால், கையிலுள்ள தேநீர் சிந்தும்படி சிரிப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2001இல் சித்திக்கின் இயக்கத்தில் வந்த அந்தப் படத்தின் கதை பலருக்கு மறந்துபோயிற்று, சுத்தியல் மறக்கவில்லை. 2019 மே மாதத்தில், முகநூலிலே ஒரு பக்கத்தார் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று சாதாரணமாகக் கேட்க, நேசமணியின் மண்டையைப் பதம்பார்த்த கருவி இது என்று ஒரு தமிழர் விடைகூறப்போய், உலகமெங்குமுள்ள தமிழர்கள், பிறவாத ஒரு மனிதனின் தேகசுகத்துக்காக ஓரிரு நாள் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்கள்.

இந்தச் சிரிப்பை இழிவென்று ஒதுக்குவது சுலபம்; விளங்கிக்கொள்வது அவ்வளவு சுலபமன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தபோது எள்ளலை முதலில் வைத்தார். உரைகாரராகிய பேராசிரியரோ, பிறரை நாம் எள்ளும்போது வரும் நகை, பிறர் நம்மை எள்ளும்போது நமக்கே வரும் நகை ஆகிய இரண்டையும் அதற்குள் அடக்கினார். விழுந்தும் புரண்டும் அடிபட்டும் சிரிப்பு மூட்டும் படங்களை எடைபோட எனக்கு இந்தப் பிரிவே போதும் என்று தோன்றுகிறது. எள்ளுவதற்குத் தன் சரீரத்தைத் தானே முன்வைத்தவன் ஒரு வகை. பிறனுடைய சரீரத்தையும் பயத்தையும் கேளாமல் எடுத்துக்கொள்பவன் வேறொரு வகை.

முதல் வகையிலே பஸ்டர் கீற்றனை மிஞ்ச ஆளில்லை. 1928இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ என்ற பேசாப் படத்தில், புயலிலே ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதுமாகப் பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. மேல்மாடியின் திறந்த யன்னல் சரியாக அவர் நின்ற இடத்தில் வந்து இறங்குவதனால், சுவர் தரையோடு தரையாகிப் புழுதி கிளம்பியபின்னும் அவர் நின்றபடியே நிற்கிறார். தந்திரக் காட்சியன்று, ஏறத்தாழ இரண்டு தொன் எடையுள்ள மெய்யான சுவர். சற்றே இடம் பிசகியிருந்தால் அந்தக் கலைஞனின் சரித்திரம் அங்கேயே முடிந்திருக்கும். அப்படியிருந்தும் அவருடைய முகத்திலே சலனமில்லை. பயப்படுகிற வேலையை அவர் நம்மிடம் விட்டுவிட்டார். வடிவேலுவுக்கு அத்தகைய அபாயம் எதுவுமில்லை என்றாலும் வித்தை ஒன்றுதான்: ‘வின்னர்’ படத்துக் கைப்புள்ளயைக் கவனித்துப் பாருங்கள்; நாம் சிரிப்பது அடி விழும் கணத்திலன்று, அடி விழுந்ததற்கும் அது தனக்குத்தான் விழுந்தது என்று அவர் உணர்வதற்கும் இடையிலுள்ள அந்த அரைக் கணத்திலேதான். அரைக் கணத்தைச் சரியாக அளந்து வைப்பதற்கு ஓர் ஆயுட்காலப் பயிற்சி வேண்டும்.

எங்கள் வன்னியில் இந்தப் படங்களை மக்கள் பார்த்த விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடையும் யுத்தமும் மின்சாரத்தை எங்களிடமிருந்து பறித்துவிட்ட தொண்ணூறுகளிலே, தர்மபுரத்திலும் சுற்றுவட்டாரத்துக் குடியேற்றங்களிலும், கலியாணமோ சாமத்திய வீடோ வந்துவிட்டால், ரீவியையும் டெக்கையும் ஜெனறேற்றரையும் வாடகைக்குப் பிடித்து, மண்ணெண்ணெய்க்குக் காசு சேர்த்து, முற்றத்திலே படங்கை விரித்து, விடியும்வரை ‘படம் போடுவார்கள்’. பலமுறை ஓடித் தேய்ந்த கொப்பிகள். முகங்கள் பச்சையாகவும் ஊதாவாகவும் தெரியும். ஜெனறேற்றர் இருமும்போதெல்லாம் கவுண்டமணியும் செந்திலும் சுருங்கி விரிவார்கள். ‘கரகாட்டக்காரன்’ படத்து வாழைப்பழச் சண்டை வந்தால், பாதி நித்திரையில் கிடந்த பிள்ளைகளைக்கூட உலுப்பி எழுப்பிவிடுவார்கள். அப்படியொரு முற்றத்திலே, ஷெல்லில் ஒரு காலை இழந்த பெடியன் ஒருவன், திரையில் யாரோ வழுக்கி விழுவதைக் கண்டு எல்லோரையும்விட உரக்கச் சிரித்ததையும், அவனுக்குப் பக்கத்தில் சிரிப்பதா வேண்டாமா என்று திகைத்து நின்ற சிறுமியைப் பார்த்து ஒரு கிழவி, “உவன் எழும்பீட்டான் பார், நீ ஏன் பிள்ளை விறைச்சுப்போய் நிக்கிறாய்?” என்று அதட்டியதையும் நான் கண்டிருக்கிறேன்.

அந்தக் கிழவி சொன்னதற்கு மேலாக எந்த அறிஞரும் இந்த விஷயத்தில் சொல்லிவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. விழுந்தவன் எழும்பிவிடுவான் என்ற நிச்சயமே அந்தச் சிரிப்புக்கு ஆதாரம். எங்கள் தெருக்களிலே விழுந்தவர்கள் பலர் எழும்பவில்லை. கிளிநொச்சி நகரம் 2008இன் பிற்பகுதியில் பெயர்ந்து பரந்தன்–முல்லைத்தீவு வீதிவழியே நகர்ந்தபோது, தர்மபுரத்து வைத்தியசாலையிலே காயப்பட்டவர்கள் நிறைந்து கிடந்தார்கள். அடுத்த ஜனவரியிலே அந்த வைத்தியசாலையும் பெயர்ந்தது. அதையெல்லாம் கண்ட ஜனங்கள், எத்தனை உதை வாங்கினாலும் சட்டையைத் தட்டிவிட்டு அடுத்த காட்சிக்கு வந்துவிடும் ஒரு சரீரத்தைக் கண்டு மகிழ்ந்ததை மலினமான ரசனை என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் ஒன்று: அந்தப் படங்களில் செந்திலின் நிறத்தையும் உருவத்தையும் வைத்துப் பொழியப்பட்ட வசைகளை நான் இதற்குள் சேர்க்கவில்லை. உதை காட்சியோடு முடிந்துவிடும். அந்த வசை மறுநாள் பள்ளிக்கூடத்திலே ஒரு கறுத்த பிள்ளையின் பெயராகி நிலைத்துவிடும்.

அமெரிக்கர்கள் இந்த விகடத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோய்விட்டார்கள். 2000ஆம் ஆண்டில் எம்ரீவியில் தொடங்கிய ‘ஜாக்காஸ்’ என்ற நிகழ்ச்சி 2002இல் திரைப்படமாகியது. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் எட்டுக் கோடி டொலர் அளவுக்கு வசூலித்தது. கதையில்லை, நாயகியில்லை, நீதியுமில்லை. ஜொனி நொக்ஸ்வில்லும் அவருடைய கூட்டாளிகளும் தங்கள் தேகத்துக்கு என்னென்ன உபத்திரவங்கள் செய்யலாமோ அவற்றையெல்லாம் செய்துகொண்டு, வலியில் முனகிக்கொண்டே சிரிக்கிறார்கள். மலமும் வாந்தியும் வரும் கட்டங்களில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவற்றை நியாயப்படுத்த ஒரு பிரயத்தனமும் செய்யப்போவதில்லை. எனினும் ஐம்பதை நெருங்கிய வயதிலே, 2022இல் வெளிவந்த படத்துக்காகக் காளையொன்றின் முன்னே நின்று, அது தூக்கியெறிந்ததில் விலாவெலும்பும் மணிக்கட்டும் முறிந்து மூளையிலும் இரத்தம் கசிந்த அந்த மனிதரைக் கோழையென்றோ ஏமாற்றுக்காரரென்றோ சொல்ல இயலாது. அடிபட்டவனைச் சுற்றி நின்று சிரிப்பவர்கள் அடுத்து அடிபட இருப்பவர்கள். அந்தச் சமத்துவமே அந்தப் படங்களின் வசீகரம்.

அந்தச் சமத்துவம் குலையும் இடத்திலே வசீகரமும் குலைகிறது. முதற்படத்தின் தொடக்கத்தில், வாடகைக்கு எடுத்த காரை மோதல் பந்தயத்தில் விட்டு நொறுக்கி, அதை அப்படியே கொண்டுபோய்க் கடைக்காரரிடம் ஒப்படைக்கும் காட்சி ஒன்று உண்டு. நொறுங்கிய காரைக் கண்டு நான் சிரித்தேன். கடைக்காரரின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுபோயிற்று. அவர் அந்த விளையாட்டுக்கு வரவில்லை; வேலைக்கு வந்தவர். பார்க்கும் பிள்ளைகளையும் மறக்கலாகாது: 2001இலேயே கனெக்டிகட் மாநிலத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அந்த நிகழ்ச்சியைப் பார்த்து அதைப்போலச் செய்யப்போய்ப் பலமாகத் தீக்காயப்பட்டான். ‘வீட்டில் செய்து பார்க்கவேண்டாம்’ என்ற எச்சரிக்கை திரையில் வரத்தான் வந்தது. அது பிள்ளைகளைத் தடுத்ததைவிடத் தூண்டியதே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அறியாதவனை விழுத்திச் சிரிப்பது அமெரிக்கச் சரக்கு என்று நினைப்பவர்கள் பாரதத்தைப் புரட்டிப் பார்க்கலாம். மயன் சமைத்த மண்டபத்திலே, தண்ணீரைத் தரையென்று மயங்கிக் கால்வைத்த துரியோதனன் வந்த விருந்தாளி. அவன் நனைந்து எழும்பியபோது கேட்ட சிரிப்பை வியாசர் வீமன் முதலியோருடைய வாயிலே வைக்க, எங்கள் ஊர்க் கதைசொல்லிகள் திரௌபதியின் வாயிலே வைத்தார்கள். யார் சிரித்தாலென்ன, விலை பதினெட்டு நாட் போர். நம் காலத்திலோ மண்டபம் கட்டும் செலவுகூடக் கிடையாது. கையிலே ஒரு தொலைபேசி இருந்தால் போதும். பேருந்து நிலையத்தில் அன்னியர் ஒருவரின் தோளில் சாய்ந்து தூங்குவது, இருட்டில் பேய்வேடத்தோடு பாய்வது, திடீரென்று காலில் விழுந்து அழுவது, அவர் பதறுவதைப் படம்பிடித்து ஊரறியப் போடுவது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டொக் சம்பந்தமான வழக்கிலே இடைக்கால உத்தரவிட்டபோது, ஒருவரைத் திடுக்கிடச் செய்து கேலிப்பொருளாக்குவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று குறிப்பிட்டது. நீதிபதிகள் சொல்லும்வரை நமக்கு அது தோன்றவில்லையே என்பதுதான் என் விசனம்.

பிறர் ஊர்களில் இது பண்புக்குறைவு என்ற அளவோடு நிற்கலாம். இங்கே கண்ணிவெடி அகற்றும் வேலை யுத்தம் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் சென்றபின்னும் நடந்துகொண்டிருந்தது. இனந்தெரியாத பொருளைத் தொடாதே என்பதைப் பிள்ளைகள் எழுத்தோடு எழுத்தாகப் படித்தார்கள். பின்னால் நின்று ஒரு சீனவெடியைக் கொளுத்திப் போட்டால் துள்ளி ஓடுபவர், வேறு ஊரிலென்றால் சற்றுத் தூரம் ஓடித் திரும்பிப் பார்த்துத் தானும் சிரிப்பார். எங்கள் சந்தியிலே அவர் ஓடமாட்டார். நிலத்தோடு நிலமாய்க் குப்புறப் படுத்துவிடுவார், படுத்தவர் உடனே எழும்பவும் மாட்டார். அதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு சிரிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

ஆகையால் தொலைபேசியும் கையுமாய்த் திரியும் எங்கள் பெடியளுக்கு ஒரு விண்ணப்பம். விழுவதானால் நீங்கள் விழுங்கள். வாய்க்காலுக்குள் சைக்கிளோடு பாயுங்கள், சேற்றிலே உருளுங்கள், நாங்கள் வயிறு நோகச் சிரிக்கிறோம். தெருவில் போகிற மனுசரை விட்டுவிடுங்கள். அவர்களுக்குப் பின்னால் வெடி மட்டும் கொளுத்த வேண்டாம்.