கேட்காமல் விட்ட கேள்வி

"பை வைக்கணுமா, சார்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர், நாற்பது வயதிருக்கும். வெளிக்குப் போகும்போது ரத்தமும் சளியும். போய்விட்டு வந்த பிறகும் போகவேண்டும் என்ற முக்கல். மூலம் என்று நினைத்து இரண்டு மாதம் லேகியம் சாப்பிட்டிருந்தார்.

விரல் விட்டுப் பார்த்தேன். மலக்குடலில் கெட்டியான கட்டி, நடுவில் புண். ஸ்கேனில் நெறிக்கட்டிகளும் தெரிந்தன. பயாப்ஸி முடிவு வருவதற்குள் அவர் மனைவியிடம் "புற்றுநோய்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பயாப்ஸியில் புற்றணு இல்லை. எடுத்த இடம் சரியில்லை என்று மறுபடி எடுத்தேன். அப்போதும் இல்லை; அழற்சிதான், பிளாஸ்மா செல்கள் மண்டிக் கிடந்தன. பேத்தாலஜி டாக்டர் போனில் கேட்டார்: "வி.டி.ஆர்.எல். பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. சோறு, தூக்கம், பீடி எல்லாம் விசாரித்த நான் உறவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூச்சம் அவருக்கு அல்ல, எனக்குத்தான். மறுநாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆம்பளைங்களோடயும் உண்டு, சார். இதுவரைக்கும் யாரும் கேட்கல" என்றார்.

நம் ஊரில் கிரந்தி என்பார்களே, அந்த சிபிலிஸ்தான். வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனையும், அதை உறுதிசெய்யும் இன்னொரு பரிசோதனையும் அதையே சொல்லின. பென்சதைன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதியாகப் போட்டோம். எச்.ஐ.வி.க்கும் பார்த்தோம். சில வாரங்களில் கட்டி இருந்த இடம் விரலுக்கு மெத்தென்று பட்டது. குடலை எடுத்து, வயிற்றில் பை வைக்க இருந்த மனிதர் அவர்.

இன்னொரு நோயும் இப்படி ஏமாற்றும். கிளமிடியா கிருமியில் ஒரு வகை, எல்.ஜி.வி. என்பது. வெப்ப நாட்டு நோய் என்றே பாடத்தில் படித்தோம். 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில், ஆண்களோடு உறவுள்ள ஆண்களிடம், மலக்குடல் புண்ணாக அது தலைகாட்டியது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இரு வேளை, 21 நாளில் தீரும்.

இதைப் படித்துவிட்டு ரத்தம் போகிறவர்கள் தாங்களே மாத்திரை வாங்கக் கூடாது. நாற்பது வயதில் கட்டி என்றால் புற்றுநோயையும் தேடியே ஆகவேண்டும், சதை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் பயாப்ஸி இரண்டு முறை இல்லை என்று சொன்னால், டாக்டர்களே, கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரத்தத்தைப் பாருங்கள்.

அந்தக் கணக்கு எழுதுபவரின் மனைவிக்கும் ரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. விஷயத்தைக் கணவரே சொல்லட்டும் என்று விட்டேன். அவர் சொல்லும்போது, கேட்டுக்கொண்டு நானும் அந்த அறையில் இருந்தேன்.