முப்பது நோன்பும் பிடித்தவள்



றமழானில் ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் சில நாட்கள் நோன்பு விடுபடும். பெருநாளைக்குப் பிறகு கழாப் பிடிப்பார்கள். எனக்கு மட்டும் 30ம் முழுசாகும். "நீ குடுத்து வெச்சவ" என்று தங்கச்சி பகிடி பண்ணுவாள். உம்மா சிரிக்கமாட்டார்.

17 வயதாகியும் நான் பெரிய பிள்ளையாகவில்லை. ஓ.எல். முடிந்ததும் உம்மா கொழும்புக்குக் கூட்டிப் போனார். ஸ்கேன் பார்த்த டொக்டர் என்னைப் பார்க்காமல் உம்மாவிடம் சொன்னார்: "மகளுக்குக் கர்ப்பப்பை இல்லை." திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா என் கையை விடவே இல்லை. யாருக்கும் சொல்லாதே என்றார், அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் எம்.ஆர்.கே.எச். கிட்டத்தட்ட 5000 பெண் பிள்ளைகளில் ஒருவருக்கு இருக்கிறது. தாயின் வயிற்றில் ஆரம்ப வாரங்களிலேயே கர்ப்பப்பை உருவாகாமல் நின்றுவிடும். சூலகம் இருக்கும், வேலையும் செய்யும். சிலருக்குச் சிறுநீரகம் ஒன்றுதான் இருக்கும் என்பதால் அதையும் ஸ்கேன் பண்ணிப் பார்க்கவேண்டும். இதையெல்லாம் நானாகத் தேடி வாசித்தபோது எனக்கு வயது 26. அதுவரை ஒன்பது வருஷம், நான் பெண்தானா என்ற கேள்வியோடுதான் படுத்தேன்.

கலியாணப் பேச்சு வந்தது. மறைக்க மனம் வரவில்லை, வாப்பாவைக் கொண்டு சொல்லவைத்தேன். முதல் இடம் பதிலே தரவில்லை. இரண்டாவது இடம் ஊருக்கே சொல்லிவிட்டது. அந்த மாதம் முழுக்க கடைத்தெருவால் போக ஏலாமல் பின் ஒழுங்கையால் ஸ்கூலுக்குப் போனேன்.

ஆயிஷா நாயகிக்குப் பிள்ளை இல்லை. ராத்தாவின் மகன் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என்று வைத்துக்கொள்ள நபியவர்கள் (ஸல்) சொன்னார்கள். சின்ன வயதில் மத்ரஸாவில் படித்ததுதான். அந்த மாதம் ஒரு இரவில் அதைத் திரும்ப வாசித்து அழுதேன். ஆறிவிட்டதா என்றால், இல்லை. ராத்தாவின் மகனைக் குளிப்பாட்டும்போது இப்பவும் நோகும்.

போன கிழமை ஒரு உம்மா வந்து மெதுவாகச் சொன்னார், "மகள் இன்னும் ஆகல்ல டீச்சர், ஆருக்கும் சொல்லாதீங்க." அதனால்தான் இதை எழுதுகிறேன். 15 தாண்டினால் டொக்டரிடம் காட்டுங்கள். என்ன சொன்னாலும் அதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவையுங்கள்.

என் மேசை லாச்சியில் எப்போதும் பெட் பெக்கட் ஒன்று இருக்கும். நான் ஒருநாளும் பாவித்ததில்லை. பிள்ளைகள் கேட்பார்கள், குடுப்பேன்.